அமெரிக்காவில் ஜாமீன் தொகை கட்ட முடியாத கறுப்பினத் தாய்மார்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்ன நடக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவில் அன்னையர் தினத்தை ஒட்டி நிதி திரட்டி, சிறையில் இருக்கும் கறுப்பினத் தாய்மார்களை ஜாமீனில் எடுக்கிறார்களாமே. நீதிபதி ஜாமீன் கொடுத்த பிறகும் அவர்கள் ஏன் உள்ளே இருக்கிறார்கள்? சில நாள் உள்ளே இருந்தால் குடும்பத்துக்கு அப்படி என்ன ஆகிவிடும்? வெளியாட்கள் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. நிறைய ஆகும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஒரு அம்மா சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அந்த வேலை போய்விடும். இரண்டு வாரம் சம்பளம் இல்லையென்றால் வாடகை நிற்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையென்றால் கைதான அன்றிரவே அரசு குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். வழக்கு முடிவதற்கோ மாதங்கள் ஆகும். நீதிமன்றத்தின் காலண்டரும் வீட்டுக்காரர், முதலாளி, குழந்தைகள் நலத்துறை ஆகியோரின் காலண்டரும் ஒன்றல்ல. குற்றம் நடந்ததா என்று யாரும் விசாரிக்கும் முன்பே ஒரு குடும்பம் பாதி கலைந்துபோயிருக்கும். வழக்கு தள்ளுபடியானாலும் கலைந்தது கலைந்ததுதான்.

சரி, ஜாமீன் கிடைத்தும் ஏன் உள்ளே? நம் ஊரில் ஜாமீன் என்றால் பெரும்பாலும் இரண்டு பேர் வந்து ஆவணம் காட்டிக் கையெழுத்துப் போடுவது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அது ரொக்கம். நீதிபதி ஒரு தொகை சொல்வார். பல கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில், இன்ன குற்றச்சாட்டுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் மாதிரி ஓர் அட்டவணையே இருக்கிறது. எதிரே நிற்பவரால் அதைக் கட்ட முடியுமா என்று பார்ப்பது கட்டாயமில்லாத இடங்கள் ஏராளம். முழுத் தொகையையும் நீதிமன்றத்தில் கட்டினால் வெளியே வரலாம், வாய்தாக்களுக்கு ஒழுங்காக வந்தால் வழக்கு முடிந்ததும் பணம் திரும்பக் கிடைக்கும். கையில் பணம் இல்லாதவர் ஜாமீன் கம்பெனியிடம் போக வேண்டும். கம்பெனி நீதிமன்றத்துக்கு உத்தரவாதம் கொடுக்கும். அதற்குக் கட்டணம் பொதுவாகத் தொகையில் 10 விழுக்காடு. அது திரும்பி வராது. வழக்கே பொய் என்று ஆனாலும் வராது. ஆக, பணம் உள்ளவருக்கு ஜாமீன் இலவசம், இல்லாதவருக்குக் காசு. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்படி லாபத்துக்கு ஜாமீன் விற்கும் தொழிலை அனுமதிக்கும் நாடுகள் உலகிலேயே இரண்டுதான்: அமெரிக்கா, பிலிப்பைன்ஸ். அமெரிக்காவிலும் இல்லினாய், கென்டக்கி, ஆரெகன், விஸ்கான்சின் ஆகிய 4 மாநிலங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. 1898 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் மதுக்கடை நடத்திவந்த மெக்டோனா சகோதரர்கள் ஆரம்பித்த வியாபாரம் இன்று பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகளின் முதுகில் நிற்கும் தொழிலாக வளர்ந்திருக்கிறது.

சட்டப் புத்தகம் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. அளவுக்கு மீறிய ஜாமீன் கேட்கக் கூடாது என்று 1791-இலேயே அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் சொல்லிவிட்டது. 1987-இல் சலெர்னோ வழக்கில், சுதந்திரம்தான் பொது விதி, விசாரணைக்கு முன் அடைத்துவைப்பது கவனமாக வரையறுத்த விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றமே எழுதியது. ஆனால் அந்தத் தீர்ப்பு விசாரணைக்கு முன் அடைத்துவைப்பதை அனுமதித்த தீர்ப்பு. நாட்டின் கவுண்டி ஜெயில்களுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ் என்ற ஆய்வு அமைப்பு 2016-இல் ஜாமீன் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களின் வருமானத்தை ஆராய்ந்தது. பெருங்குற்றச் சாட்டுகளுக்கான ஜாமீனின் இடைநிலைத் தொகை, அதாவது பாதிப் பேருக்கு அதற்கு மேலும் பாதிப் பேருக்கு அதற்குக் கீழும் இருக்கும் தொகை, 10,000 டாலர். அந்தத் தொகையைக் கட்ட முடியாத கறுப்பினப் பெண்கள் கைதாவதற்கு முன் சம்பாதித்த இடைநிலை ஆண்டு வருமானம், 2015-இன் டாலர் மதிப்பில், 9,083. ஒரு வருடம் முழுக்கச் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைக்கு ஒரு செருப்பு கூட வாங்காமல் சேர்த்தாலும் தொகை வராது. கம்பெனிக்குத் தர வேண்டிய 1,000 டாலரே ஒரு மாத வருமானத்தைத் தாண்டுகிறது. இத்தனைக்கும் அந்த வருமானம் கையில் மிச்சம் இருக்கும் பணம் இல்லை, வரும்போதே செலவுக்குப் போய்விடும் பணம்.

சிறு குற்றங்களுக்குத் தொகை குறைவு, 500 டாலர், 1,000 டாலர் என்று இருக்கும். தேவைப்படும் பணம் சிறியதாக இருக்கும்போதுதான் கொடுமை இன்னும் பச்சையாகத் தெரியும். 2015 ஜூலையில் டெக்சஸ் மாநிலம் வாலர் கவுண்டியில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுக் கறுப்பினப் பெண், காரில் தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்டார். வாக்குவாதம் முற்றியது, கைது செய்தார்கள். ஜாமீன் 5,000 டாலர். கம்பெனி வழியாக வெளியே வர ஏறக்குறைய 500 டாலர் போதும். குடும்பம் அதைத் திரட்டிக்கொண்டிருந்தபோதே, மூன்றாம் நாள், அவர் சிறை அறையில் இறந்து கிடந்தார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஆனாலும் ஜாமீன் தொகை பற்றிப் பேசும் கறுப்பினப் பெண்கள் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்வார்கள், காரணம் அந்த 500 டாலர்.

எவ்வளவு பெண்களைப் பற்றிப் பேசுகிறோம்? நீதித்துறைச் சீர்திருத்தத்துக்கான ஆய்வு அமைப்பான வேரா நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கைப்படி 1970-இல் நாடு முழுக்கக் கவுண்டி ஜெயில்களில் இருந்த பெண்கள் 8,000 பேருக்கும் குறைவு. 2014-இல் கிட்டத்தட்ட 1,10,000. அவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு தாய்மார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் துணையின்றித் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். கறுப்பினப் பெண்கள் 44 விழுக்காடு. நாட்டின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13 விழுக்காடு அளவுதான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தப் பெண்கள் உள்ளே வந்தது பெரும்பாலும் வன்முறைக் குற்றத்துக்காக அல்ல. சிறு திருட்டு, போதைப்பொருள் வைத்திருந்தது, ரத்தான லைசென்ஸில் வண்டி ஓட்டியது, பழைய அபராதம் கட்டாததால் விழுந்த பிடிவாரண்டு இப்படித்தான். வறுமையும் குற்றப்பத்திரிகையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இடம் இது.

2014-இல் தென் கரோலினாவில் நடந்த ஒரு சம்பவத்தை உதாரணத்துக்குச் சொல்லலாம். துரித உணவுக் கடையில் வேலை பார்த்த ஒரு கறுப்பினத் தாய், விடுமுறையில் இருந்த 9 வயது மகளை வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் விளையாட விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். கையில் ஒரு செல்போன் கொடுத்துவிட்டுத்தான் போனார். யாரோ போலீசுக்குச் சொல்ல, தாய் கைது, மகள் அரசின் பொறுப்பில். குழந்தைக் காப்பகம் என்றால் அதற்குக் காசு வேண்டும். வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அதற்கும் கேள்வி வரும்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டை நீதிமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்ட வழக்கு, ஹூஸ்டன் நகரம் அமைந்திருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் நடந்தது. ஓடானல் என்ற இளம்பெண், 4 வயது மகளைத் தனியாக வளர்த்துவந்தவர், 2016 மே மாதம் செல்லாத லைசென்ஸில் கார் ஓட்டியதற்காகக் கைதானார். ஜாமீன் 2,500 டாலர். கட்ட முடியவில்லை, உள்ளே வைத்தார்கள். அவர் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிபதி லீ ரோசந்தால் 2017 ஏப்ரலில் 193 பக்கத்துக்கு ஒரு உத்தரவு எழுதினார். அந்தக் கவுண்டியில் சிறுகுற்றத்துக்குக் கைதானவர்களில் 40 விழுக்காட்டினர் வழக்கு முடியும்வரை உள்ளேயே இருந்தார்கள் என்பது அவர் கண்டறிந்ததில் ஒன்று. ஜாமீன் விசாரணை என்பது வீடியோ திரைமுன் நடக்கும் ஓரிரு நிமிடச் சடங்காக இருந்தது. 2019-இல் கவுண்டி சமரசத்துக்கு வந்து, பெரும்பாலான சிறுகுற்றங்களுக்குப் பணம் கேட்பதை விட்டுவிட ஒப்புக்கொண்டது.

ஹாரிஸ் கவுண்டியின் வழக்குகளையே வைத்து ஹீட்டன், மேசன், ஸ்டீவன்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவு எனக்கு எப்போதும் மறக்காது. ஒரே மாதிரியான குற்றச்சாட்டு உள்ளவர்களை ஒப்பிட்டால், வெளியே இருப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு 25 விழுக்காடு அதிகம். சிறைத்தண்டனை பெறும் வாய்ப்பு 43 விழுக்காடு அதிகம். தண்டனைக் காலமும் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல். காரணத்தை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அரசு வக்கீல் வந்து, ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் அடுத்த வாய்தா மூன்று வாரம் கழித்து என்று சொல்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான் அதைச் செய்யவில்லை என்று சாதிப்பதற்கு ஒரு தாயிடம் மூன்று வாரம் இருக்கிறதா? கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறார். அன்றிலிருந்து குற்றப்பதிவு அவர் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. வேலைக்கு மனுப் போட்டாலும், அரசு மானிய வீடு கேட்டாலும், நாளைக்குக் குழந்தை யார் பொறுப்பில் என்று குடும்ப நீதிமன்றத்தில் கேள்வி வந்தாலும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

குழந்தைகள் பக்கம் வருவோம். அப்பா சிறைக்குப் போனால் குழந்தை வழக்கமாக அம்மாவிடம் இருக்கும். அம்மா போனால்? மாநிலச் சிறைகளில் இருப்பவர்களிடம் அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு கேட்டறிந்து 2008-இல் வெளியிட்ட தகவல்: தந்தையரில் 88 விழுக்காட்டினர் குழந்தை தாயிடம் இருப்பதாகச் சொன்னார்கள். தாய்மார்களில் 37 விழுக்காட்டினர்தான் குழந்தை தந்தையிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது பாட்டியை. குழந்தை அரசு ஏற்பாட்டில் வேறொரு குடும்பத்தில் வளர்கிறது என்று சொன்னவர்கள் தந்தையரில் 2 விழுக்காடு, தாய்மார்களில் 11. இது தண்டனை பெற்றவர்களின் கணக்கு. ஆனால் கவுண்டி ஜெயிலில் காத்திருக்கும் தாயின் வீட்டிலும் நடப்பது இதே வரிசைதான்: முதலில் பாட்டி, அடுத்து சித்தியோ பெரியம்மாவோ, யாரும் இல்லையென்றால் அரசு. பாட்டியும் பல சமயம் வேலைக்குப் போகிறவர், நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவர். திடீரென்று மூன்று பிள்ளைகள் வந்து சேர்ந்தால் ஒரு படுக்கையறை வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்ற வாடகை ஒப்பந்த விதியே அவருக்கு எதிராகத் திரும்பும்.

குழந்தை அரசின் பொறுப்பில் போய்விட்டால் இன்னொரு காலக்கெடு ஓட ஆரம்பிக்கிறது. அதிபர் கிளின்டன் 1997-இல் கையெழுத்திட்ட தத்தெடுப்பு, பாதுகாப்பான குடும்பங்கள் சட்டத்தின்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அரசுப் பராமரிப்பில் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையையே ரத்து செய்ய மாநிலம் மனுப் போட வேண்டும். சில வாரம் ஜெயிலில் இருந்தவருக்கு 15 மாதம் எப்படி ஆகும் என்று கேட்கலாம். ஆகும். குழந்தையைத் திரும்பப் பெற வீடு இருக்க வேண்டும், வேலை இருக்க வேண்டும், பெற்றோர் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும், நீதிமன்றத் தேதி ஒன்றையும் விடக் கூடாது. வீடும் வேலையும் போனது எதனால் என்று அந்த நீதிமன்றம் கேட்பதில்லை. சிறையில் இருந்ததால் குடும்ப நீதிமன்றத்துக்கு வர முடியாமல் போனதும் பல சமயம் தாயின் கணக்கில்தான் எழுதப்படும். சிறையில் இருக்கும் பெற்றோருக்கு இந்தக் கெடுவைத் தளர்த்தி நியூயார்க் 2010-இல் சட்டம் கொண்டுவந்தது, ஆனால் எல்லா மாநிலங்களும் அப்படிச் செய்யவில்லை. அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளிலும் கறுப்பினக் குழந்தைகள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம் என்பதால், இரண்டு இயந்திரங்களும் ஒரே தெருக்களில் ஓடுகின்றன என்று சொல்லலாம்.

குழந்தையிடம் பேச வேண்டுமானால் அதற்கும் காசு. சிறைத் தொலைபேசி பல காலமாகத் தனியார் ஏகபோகம், வருமானத்தில் கவுண்டிக்கும் பங்கு. மார்த்தா ரைட் என்ற வாஷிங்டன் பாட்டி, சிறையில் இருந்த பேரனிடம் பேசுவதா மருந்து வாங்குவதா என்ற நிலைக்குத் தள்ளப்பட்டு 2000-இல் வழக்குப் போட்டார். கட்டணங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவர் பெயரையும் தாங்கி 2023 ஜனவரியில்தான் வந்தது, அவர் இறந்து பல வருடம் ஆன பிறகு. நியூயார்க் நகரம் 2019-இல் தன் சிறைகளில் அழைப்புகளை இலவசமாக்கியது, அது நல்ல காரியம். நேரில் பார்ப்பதும் சுலபம் இல்லை. சில கவுண்டிகள் வீடியோ சந்திப்பைக் கொண்டுவந்த கையோடு நேரடிச் சந்திப்பை நிறுத்திவிட்டன.

இன்னொரு செலவு கண்ணில் படாதது. மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், உள்ளே இருக்கும் காலத்தில் பெரும்பாலும் வேலை செய்யாது, தண்டனை இல்லாத விசாரணைக் கைதிக்கும்கூட. மாற்றுத்திறனாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகை ஒரு முழுக் காலண்டர் மாதம் உள்ளே இருந்தால் நின்றுபோகும். வெளியே வந்ததும் அவற்றை மறுபடி தொடங்கவைக்க அலைய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு விலங்கு மாட்டுவதைத் தடை செய்த 2018-இன் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் கூட்டாட்சிச் சிறைகளுக்குத்தான். கவுண்டி ஜெயிலில் என்ன நடக்கும் என்பது அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் தாய் உள்ளே இருக்கும் கதை. பேச்சில் அடிக்கடி விட்டுப்போவது மறுபக்கம். மகனோ அண்ணனோ கணவரோ உள்ளே போனாலும் பணம் திரட்டுவது யார்? எல்லா பேக்கர் (Ella Baker) என்பவர் பெயரில் இயங்கும் உரிமை அமைப்பான எல்லா பேக்கர் மையம் முன்னின்று 2015-இல் நடத்திய ஆய்வில், குடும்பத்தில் வழக்குச் செலவுகளைப் பிரதானமாகச் சுமந்தவர்களில் 83 விழுக்காடு பெண்கள். சராசரிச் செலவு 13,607 டாலர். ஜாமீன் கம்பெனி ஒப்பந்தத்தில் கூடக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பவரும் வழக்கமாக ஒரு தாயோ பாட்டியோதான். மாதத் தவணை, அடமானமாக வீடு அல்லது கார், ஆள் வாய்தாவுக்கு வரவில்லையென்றால் முழுத் தொகைக்கும் அவர்தான் பொறுப்பு. ஜாமீன் தொகையை நான் குடும்பத்தின் மீது போடப்படும் வரி என்றுதான் பார்க்கிறேன், அதிலும் கறுப்பினப் பெண்கள் இருமுனையிலும் கட்டும் வரி. கைதானால் அவர்கள் உள்ளே, வேறு யார் கைதானாலும் அவர்கள் கடனில்.

அன்னையர் தின முயற்சி இங்கேதான் வருகிறது. அட்லாண்டாவில் இயங்கும் சதர்னர்ஸ் ஆன் நியூ கிரவுண்ட் என்ற அமைப்பின் மேரி ஹூக்ஸ் இந்த யோசனையை முன்வைக்க, பல நகரங்களின் அமைப்புகள் சேர்ந்து 2017 மே மாதம் முதல்முறை செய்தார்கள். 100-க்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். தாய் என்பதை அவர்கள் பெற்றவளோடு நிறுத்தவில்லை. வளர்க்கும் பாட்டி, சித்தி, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கு அடைக்கலம் தரும் திருநங்கை எல்லோரும் அதில் அடக்கம். வெளியே எடுப்பதோடு விடாமல் தங்க இடம், வாய்தாவுக்குப் போக வண்டி, வேலை தேட உதவி என்று தொடர்ந்து செய்தார்கள்.

இதில் ஒரு பழைய நினைவு இருக்கிறது, அமைப்பாளர்களே அதைச் சொல்வார்கள். அடிமைமுறைக் காலத்தில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் காசு சேர்த்துத் தங்கள் உறவுகளை விலை கொடுத்து மீட்டார்கள். எலிசபெத் கெக்லி என்ற தையல்காரர் 1855-இல் செயின்ட் லூயிஸில் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மகனையும் விடுவித்துக்கொண்டார். அவரிடம் துணி தைத்துக்கொண்ட பெண்கள் கடனாகக் கொடுத்த பணம் அது, பிறகு உழைத்துத் திருப்பிக் கொடுத்தார். பின்னாளில் லிங்கனின் மனைவிக்கு உடை தைத்தவர் அவர்தான். ஒரு தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் இடையே விலைச்சீட்டு தொங்குவது கறுப்பினக் குடும்பங்களுக்குப் புதிது இல்லை. ஜாமீன் அட்டவணையை அவர்கள் பார்க்கும் கண்ணும் அதனால் வேறு.

பணம் வாங்காமல் விட்டால் ஓடிவிட மாட்டார்களா? நியாயமான கேள்விதான். 1961-இல் நியூயார்க்கில் வேரா நிறுவனம் ஆரம்பித்த மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் இதைத்தான் சோதித்துப் பார்த்தது: குடும்பம், வேலை, முகவரி என்று ஊரோடு பிணைப்பு உள்ளவர்களைச் சொந்த உறுதிமொழியில் விட்டபோது ஏறக்குறைய எல்லோரும் திரும்பி வந்தார்கள். நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி 1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கில் பீகார் விசாரணைக் கைதிகளை விடுவிக்கச் சொன்னபோது இந்தத் திட்டத்தைத்தான் சான்றாக எடுத்துக்காட்டினார். அமெரிக்கா தன் ஊர்ப் பாடத்தை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்துவிட்டுத் தான் மறந்துபோனது வேடிக்கை. அண்மைக் காலத்தில் பிராங்க்ஸ் ஃப்ரீடம் ஃபண்ட் என்ற நிதி அமைப்பு முன்பின் தெரியாதவர்களுக்கு ஜாமீன் கட்டியது. அவர்கள் வராவிட்டால் நட்டம் அமைப்புக்குத்தான், அவர்களுக்கு ஒரு காசு இழப்பில்லை. அப்படியிருந்தும் 96 விழுக்காட்டினர் வாய்தாவுக்கு வந்தார்கள்.

வராதவர்கள் மெக்சிகோவுக்குத் தப்பி ஓடியவர்கள் அல்ல. தேதி மறந்தவர்கள், பஸ் கிடைக்காதவர்கள், பிள்ளையை விட்டுவர ஆள் இல்லாதவர்கள். நியூயார்க்கில் செய்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் வெறும் செல்போன் குறுஞ்செய்தி நினைவூட்டலே வராமல் போவதை 21 விழுக்காடு குறைத்தது. நிஜமாகவே ஆபத்தானவரைப் பற்றிக் கவலைப்பட்டால், அவரிடம் பணம் இருந்தால் இதே முறையில் அவர்தான் முதலில் வெளியே வருவார். இந்தச் சல்லடை பிரிப்பது பணத்தை, ஆபத்தை அல்ல.

மாற்றங்கள் நடக்கத்தான் செய்கின்றன. வாஷிங்டன் நகரம் கட்ட முடியாத பணத்துக்காக ஆளை அடைத்துவைப்பதை 1992-இலேயே நிறுத்தியது. நியூஜெர்சி 2017 ஜனவரி முதல் பண ஜாமீனைப் பெரும்பாலும் கைவிட்டது, விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. இல்லினாய் 2023 செப்டம்பர் 18 முதல் முழுவதுமாக ஒழித்தது, அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். எதிர்த்திசையிலும் இழுப்பு பலமாக இருக்கிறது. நியூயார்க் 2020-இல் கொண்டுவந்த தளர்வுகளை அதற்குப் பிறகு பலமுறை பின்வாங்கியது. கலிபோர்னியாவில் 2020-இல் மக்களே வாக்களித்து ஒழிப்புச் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். ஜாமீன் கம்பெனிகள் அதற்கு எதிராகப் பணத்தைக் கொட்டின. அவர்களோடு, பணத்துக்குப் பதில் ஆளின் ஆபத்தை எடைபோடும் கணினி மதிப்பெண் வரப்போகிறது, அதில் இனப் பாகுபாடு ஒளிந்திருக்கும் என்று பயந்த சீர்திருத்தக்காரர்களும் எதிர்த்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்பது என் கருத்து. பண ஜாமீனை எடுத்துவிட்டுக் காலில் மாட்டும் கண்காணிப்புப் பட்டைக்கு மாதக் கட்டணம் வசூலித்தால் அதே தாய் வேறு ரசீதில் கட்டுகிறார், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் பணமில்லா ஜாமீனுக்கு எதிராக உத்தரவுகளில் கையெழுத்திட்டார்.

கடைசிக் கேள்வி, நன்கொடை கொடுப்பது. அர்த்தம் உண்டு. நீதிமன்றத்தில் முழுத் தொகையாகக் கட்டும் நிதியாக இருந்தால் வழக்கு முடிந்ததும் பணம் திரும்பி வரும், அதே டாலர் அடுத்தவரை வெளியே எடுக்கும். ஆனால் எந்த மாநிலத்தில் இயங்குகிறது என்று பார்த்துக் கொடுங்கள். இந்த முயற்சி பிறந்த ஜார்ஜியாவிலேயே 2024 மே மாதம் ஆளுநர் கெம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜாமீன் கம்பெனிக்கான விதிகளுக்கு உட்படாத எந்தத் தனிநபரோ அமைப்போ வருடத்துக்கு 3 பேருக்கு மேல் ரொக்க ஜாமீன் கட்டக் கூடாது என்றது அது. ஒரு சர்ச் நான்காவது தாய்க்குப் பணம் கட்டினால்கூடச் சட்டமீறல். கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்த ஆண்டு ஜூனில் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தார். பணம் கட்டுவதோடு வாய்தாவுக்கு அழைத்துப்போவது, பிள்ளையை அந்த நேரத்துக்குப் பார்த்துக்கொள்வது, வாடகைப் பாக்கியை அடைப்பது போன்றவற்றையும் செய்யும் அமைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே வந்த தாய் இழக்கப்போவது பெரும்பாலும் அவற்றைத்தான், அதற்கெல்லாம் எந்த மாநிலமும் இன்னும் எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை.